குதிருக்குள் போன டெல்லி பாஸ்

கண்ணு,

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். டெல்லிக்கு எழுதி வாங்கும் இலவச ரயில் பாஸில் என் பெயரையும் போட்டுவிடு. இந்தத் தடவை எனக்கு முழங்கால் வலிக்காது, தலை சுற்றாது. உன் பெயர், உன் பெண்டாட்டி வசந்தா பெயர், அப்புறம் என் பெயர் என்ற வரிசையிலேயே எழுது. டிசம்பர் முடிவதற்குள் ஆபீஸில் எழுதி வாங்கிவிடு. எழுதி வாங்கிய பாஸுக்கு நாலு மாசம் உயிர் இருக்கும். வாங்காமல் விட்டது வருஷத்தோடு செத்துப்போகும், அடுத்த வருஷத்தில் சேர்த்துத் தரமாட்டார்கள். ரயில்வேயில் இருக்கிற உனக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் உனக்கு முன்னாலேயே இந்த விதியை மனப்பாடம் செய்தவள் நான். எப்படி மனப்பாடம் ஆயிற்று என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எட்டாவதோடு நின்ற கை.

மூன்று வருஷமாக நீ கூப்பிடுகிறாய். உனக்குக் கல்யாணமான வருஷம் முழங்கால் என்றேன். அடுத்த வருஷம் நாற்று விட்டிருக்கிறேன் என்றேன். போன வருஷம் வருகிறேன் என்று சொல்லி, ஜோலார்பேட்டை வரைக்கும் பெட்டியோடு வந்து, கிளம்புகிற அன்று காலையில் தலை சுற்றுகிறது என்று உன் குவார்ட்டர்ஸில் படுத்துக்கொண்டேன். எனக்குத் தலை சுற்றவில்லை, கண்ணு. முந்தின நாள் சாயங்காலம் நீ வசந்தாவிடம், "ஜன்னல் சீட்டு உனக்குத்தான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. உன்னைப் பெற்று, உத்திரமேரூர் வயலில் சேற்றில் நின்று வளர்த்தவள் நான், ஜன்னல் அவளுக்கா என்று வயிறு எரிந்தது. அதனால் படுத்துவிட்டேன். பக்கத்து வீட்டில் டெல்லிக் குளிருக்கென்று இரவல் வாங்கிய ஸ்வெட்டரை அவள் மடித்து வைத்துவிட்டு எனக்குக் கஞ்சி காய்ச்சினாள். நீ லீவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாய். அப்புறம் உனக்கு லீவு கிடைக்கவேயில்லை. பாஸ் போயிற்று. நான் அந்தக் கஞ்சியை முழுசாகக் குடித்தேன்.

இப்போது நீ எழுதிய கடுதாசியின் அடியில் வசந்தா நாலு வரி எழுதியிருக்கிறாள். நீ பார்த்தாயோ என்னவோ. "அத்தை, என்னோடு வர உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், நீங்களும் அவரும் போய்விட்டு வாருங்கள்" என்று. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளையை எனக்கே விட்டுக்கொடுக்க இவள் யார் என்று அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் இதே பேச்சை முன்னால் ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறோமே என்று உறைத்தது. சொன்னவள் உன் அத்தை சரசு. அவள் ஏன் நம் வீட்டைவிட்டுப் போனாள் என்று சின்ன வயசில் நீ என்னை நூறு தடவை கேட்டிருப்பாய். நூறு தடவையும் நான் பொய் சொன்னேன்.

உன் அப்பா செங்கல்பட்டு ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். வண்டிகளைத் தடம் மாற்றிவிடுகிற வேலை. ரெஸ்ட் நாளில் பஸ் பிடித்து உத்திரமேரூருக்கு வருவார். எங்கள் கல்யாணமான புதுசில், இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன், எனக்குப் பாஸ் உண்டு என்று சொன்னார். நான் அதுவரைக்கும் காஞ்சிபுரத்தைத் தாண்டியதில்லை. அந்த வருஷமே நான் உன்னைச் சுமந்தேன். அதே வருஷம்தான் அவருடைய தங்கை சரசு, இருபத்திரண்டு வயசில் புருஷனை இழந்து, ஒரு தகரப் பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பாஸ் வீணாகிவிடக் கூடாது, அவளுக்கும் மனசு ஆறும் என்று உன் அப்பா தன் அம்மாவையும் தங்கையையும் ராமேஸ்வரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று வழியனுப்பினேன். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் சொன்னேன், மனசுக்குள்.

அதற்கப்புறம் காசி. பெரியவளுக்கு, அதான் உன் பாட்டிக்கு, உயிர் போவதற்குள் கங்கையைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. கூடமாட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும் என்று சரசு போனாள். நீ கைக்குழந்தை, எருமை சினை, வயலில் நடவு. ஒருத்தர் வீட்டில் இருந்தாகவேண்டும், அந்த ஒருத்தர் எப்போதும் நானாகவே இருந்தேன். உன் அப்பா ஒவ்வொரு வருஷமும், "இந்த வாட்டி நீதாம்மே" என்பார். அந்த வாட்டி ஏரி நிறைந்து நடவு வந்திருக்கும், இல்லாவிட்டால் உனக்கு அம்மை போட்டிருக்கும். பாதி வருஷம் பாஸ்கள் யாருக்கும் உதவாமல் போகும். டிசம்பர் கடைசியில் அவர் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே, "போச்சு, இன்னொண்ணும் போச்சு" என்று சொல்வார். எனக்குப் போனால் போகட்டும் என்றுதான் இருக்கும். சரசு எங்கும் போகாத வருஷம் எனக்கு நல்ல வருஷம்.

சரசு அழகி இல்லை, சண்டைக்காரியும் இல்லை. வேலையில் எனக்குச் சரிபாதி செய்வாள். ஆனால் அவளுக்கு ஒன்று இருந்தது, எனக்கு இல்லாதது. அவள் போய்ப் பார்த்தவள். நாற்று நடும்போது பத்துப் பெண்கள் வரிசையில் குனிந்திருப்போம். இவள் ஆரம்பிப்பாள். "கூடூரு, நெல்லூரு, ஓங்கோலு, பெஜவாடா, வாரங்கல்லு, பல்லார்ஷா, நாக்பூரு, இட்டார்சி, ஜபல்பூரு, அலகாபாத்." ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை. பெஜவாடாவில் ஆற்றுப் பாலம் முடிவதற்குள் வெற்றிலை போட்டு மென்று துப்பிவிடலாமாம். நாக்பூரில் கூடை கூடையாக ஆரஞ்சாம். நடவுப் பெண்கள் கை ஓடுகிறது தெரியாமல் கேட்பார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "ரயில்காரன் பொண்டாட்டி நீ, ரயில் பாத்தது அவளா?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு நான் நட்ட வரிசை கோணலாகப் போயிற்று.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நீ அவள் பக்கம் சாய்ந்ததைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. நீ சாப்பிட அடம்பிடித்தால் அவள் ஊர்ப் பெயர் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கவளமாக ஊட்டுவாள். "இது ஓங்கோலு, வாயத் தொற. இது பெஜவாடா." நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாய். எனக்குச் சொல்ல ஊர் இல்லை. உத்திரமேரூர், பெருநகர், மாகறல், காஞ்சிபுரம், அதோடு தீர்ந்தது. ஒருநாள் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். நாலு கவளத்தில் முடிந்துவிட்டது. நீ எழுந்து அவளிடம் ஓடினாய். நீ குழந்தை, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள்மேல் வந்தது.

உனக்கு எட்டு வயசு இருக்கும். அந்த வருஷக் கடைசியில் உன் அப்பா புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். வருஷம் முடிவதற்கு முன்னால் டெல்லிக்குப் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். "நாலு மாசம் கீது. தை அறுப்பு முடியட்டும், பங்குனில கெளம்பிடலாம். ஆக்ராவுல எறங்கி தாஜ்மகால் பாத்துட்டுப் போலாம், பாஸ்ல எடம் உண்டு" என்றார். பாஸில் அவர் பெயர், என் பெயர், உன் பெயர், சரசு பெயர். நாலு பேர். உன் பாட்டி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சரசு உடனே சொன்னாள், "அண்ணி, நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் மாட்டப் பாத்துக்கினு வூட்ல இருக்கேன்." நல்ல மனசோடு சொன்னதாக ஊரே சொல்லும். என் காதுக்கு அது வேறு மாதிரி கேட்டது. எல்லாம் பார்த்து முடித்தவள் எனக்கு மிச்சத்தைப் போடுகிறாள் என்று கேட்டது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். பாஸை என்னிடமே கொடுத்து வைத்தார். இரண்டு நாளைக்கு ஒரு தடவை எடுத்து என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நீ அழ ஆரம்பித்தாய். "அத்த வந்தாத்தான் நான் வருவேன். அத்த இல்லன்னா இன்னா ஊருன்னு எனக்கு யாரு சொல்லுவாங்க?" என்று. உன் அப்பா சிரித்தார். "அதுக்கு இன்னாடா, மாட்ட எதிர் வூட்ல கட்டிட்டுப் போலாம். சரசு, நீயும் கெளம்பு. பேரு கீதுல்ல?" என்றார். சரசு என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அவ்வளவு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு ரயிலில், ஜன்னலோரம் நீயும் அவளும் உட்கார்ந்து ஊர்ப் பெயர் சொல்லிக்கொண்டு வருவதும், உன் அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பதும், நான் சோற்று மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடுவில் இருப்பதும் என் கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை, எல்லாரும் களத்தில் இருந்தபோது, பாஸை எடுத்துக்கொண்டுபோய் நெல் குதிருக்குள் கை விட்டு ஆழமாகப் புதைத்தேன். கையை உதறிக்கொண்டு திரும்பினால் கதவருகில் சரசு முறத்தோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. முறத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உன் அப்பா இரண்டு நாள் தேடினார். பெட்டி, பரண், சாமி படத்துப் பின்பக்கம். "உங்கையிலதானே குடுத்தேன்?" என்று என்னைக் கேட்டார். வைத்த இடத்தில் இல்லை என்றேன். ரயில்வே பாஸைத் தொலைத்தால் சும்மா விடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர் முகம் கறுத்துவிட்டது. மூன்றாம் நாள் நெல் குதிரைக் கிளறிப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். அப்போது சரசு, பாத்திரம் துலக்கிக்கொண்டு இருந்தவள், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "தேடாதண்ணா. அன்னிக்கு வூடு பெருக்கி, காகிதத்தயெல்லாம் நெல்லு அவிக்கிற அடுப்புல போட்டேன். அதுல அதுவும் பூட்டுது போல."

உன் அப்பா அவளை அடிக்கவில்லை. அதைவிட மோசமாக, அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆபீஸில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள், அடுத்த வருஷப் பாஸையும் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவளைத்தான் முறைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சரசு அப்படிச் சொன்ன அன்று மத்தியானமே குதிருக்குள் கை விட்டு அந்தப் பாஸை எடுத்தேன். எதேச்சையாகக் கிடைத்தது மாதிரி அதை அவரிடம் நீட்டியிருக்கலாம். கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது. நான் அதை உமி அடுப்பில் போட்டு, கரியாகிற வரைக்கும் நின்று பார்த்தேன். இரண்டு மாசம் கழித்து சரசு தன் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு, காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் பட்டு நூல் சுற்றும் வேலைக்குப் போய்விட்டாள். அவள் பஸ் ஏறும்போது நீ பின்னாலேயே ஓடினாய். அவளுக்கு நம் வீடு பிடிக்கவில்லை, அதனால் போகிறாள் என்று உனக்குச் சொன்னேன். நீ அதற்கப்புறம் ஊர்ப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் போனதும் என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்கவேண்டும். அடங்கவில்லை. முன்னால் அவள் போன ஊர்களுக்காக எரிந்தது, அப்புறம் அவள் நல்லவளாகிவிட்டதற்காக எரிந்தது. என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் போய்விட்டாளே. அதை என்னால் செய்திருக்க முடியாது. அவள் என்னைவிட உசந்தவள் என்ற நினைப்பு பதினேழு வருஷமாக என்னைத் தின்றது. உன் கல்யாணத்துக்கு வந்தவள் சாப்பிடாமல் போனபோதுகூட, பார், அவளுக்கு எவ்வளவு மானம் என்றுதான் தோன்றியது.

உன் அப்பாவும் நானும் சேர்ந்து ரயிலில் போனது ஒரே ஒரு தடவை. செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு, அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க. அவ்வளவு வலியிலும் என்னை ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். "பாரும்மே, சிங்கப்பெருமாள்கோயில் வந்துச்சு. இது கூடுவாஞ்சேரி. அடுத்தது ஊரப்பாக்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாம்பரத்துக்கு அப்புறம் பேச முடியவில்லை. திரும்பி வரும்போது அவர் இல்லை. அவர் இடத்துக்கு உனக்கு வேலை வந்தது. உண்மையை அவரிடம் சொல்லவேண்டும் என்று நான் நினைத்தது ரயிலில் அவரோடு போன அந்த ஒரு மணி நேரத்தில்தான். சொல்லாமலே விட்டுவிட்டேன்.

வசந்தாவின் நாலு வரியைப் படித்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். சரசு ராட்டினத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "இன்னா அண்ணி, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறி எழுந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, உட்கார்ந்து, நேராகவே கேட்டேன்.

"அன்னிக்கு நான் குதிருல கை வுட்டத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் ஒம்மேல போட்டுக்கின?"

அவள் ராட்டினத்தை நிறுத்தினாள். நூல் நுனியைச் செருகிவைத்தாள். "உன்னக் காப்பாத்தறதுக்குன்னு நெனச்சிக்கினியா அண்ணி?" என்றாள். "அண்ணன் குதிரக் கெளறுறேன்னு சொன்னாரு. கெளறினா கெடச்சிடும். கெடச்சா நீ டெல்லிக்குப் பூடுவ. அண்ணன் கூப்ட்டாரு, நீ கூப்டல, நான் வந்திருக்கமாட்டேன். புருசன், புள்ள, டெல்லி, எல்லாம் உனக்கேவான்னு எனக்கு எரிஞ்சுது. எரிச்சிட்டேன்னு சொன்னா தேடமாட்டாருல்ல?"

நான் விடவில்லை. "நான் வூட்ல இருக்கேன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். நீ, 'வேணாம் சரசு, நீயும் வா'ன்னு சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல." அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "காசிக்குப் போம்போது பாதி வழி எனக்கு ஜுரம். படுத்துக்கினேதான் போனேன். நாக்பூரும் தெரியாது, ஆரஞ்சும் தெரியாது. அண்ணன் டைம்டேபிள் புஸ்தகத்துல படிச்சி, உனக்கு எதிர்லயே சொல்லுவேன். உம்மூஞ்சி மாறும். அதப் பாக்க எனக்கு ஆசையா இருக்கும்."

பதினேழு வருஷம், கண்ணு. அவளும் பார்க்காத ஆரஞ்சுக்காக நான் எரிந்திருக்கிறேன். இல்லாத நல்ல மனசுக்காகவும் எரிந்திருக்கிறேன். எனக்கு அழுகை வருவதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. நெசவுக்காரர் பெண்டாட்டி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம், உன் அப்பாவை நினைத்து. நாங்கள் இரண்டு பேரும் எரிந்ததில் நடுவில் கிடந்து வெந்தவர் அவர்தான். ஒரு தப்பும் செய்யாமல் மெமோ வாங்கினார், தங்கையை இழந்தார், பெண்டாட்டியோடு ஒரு ஊர் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்.

உன் அத்தையையும் டெல்லிக்குக் கூப்பிட்டேன். "ரயில்வே சட்டம் எனக்குத் தெரியாதா? அத்த பேர அவன் பாஸ்ல எழுத முடியாது. நீ போயிட்டு வா. வந்து ஒவ்வொரு ஸ்டேசனா சொல்லு. நானும் கொஞ்சம் எரியறேன்" என்றாள். நான் திரும்பிவரப் பஸ் ஏறும்போது உன்னைப் பற்றிக் கேட்டாள். டெல்லியிலிருந்து வந்ததும் நீ வசந்தாவோடு போய் அவளைப் பார். ஏன் போனாள் என்று அவளையே கேள், இனி அவள் சொல்வாள்.

வசந்தாவுக்குத் தனியாக எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதை அவளிடமே படிக்கக் கொடு. அவள் வீட்டில் இருக்க வேண்டாம் என்று அம்மா சொன்னதாகச் சொல். அந்த வார்த்தையை நான் சரசுவிடம் சொல்லாமல் விட்டேன், இவளிடம் சொல்லிவிடுகிறேன்: நீயும் வா, வசந்தா. கண்ணு, ஐந்து வருஷம் சர்வீஸ் முடிந்து உனக்கு இப்போது வருஷத்துக்கு மூன்று பாஸ் என்று எழுதியிருந்தாய். ஒன்றில் நான் வருகிறேன். மற்ற இரண்டில் என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும், நான் வரவில்லை என்பதற்காக நிறுத்தாதே. தூரம் போக லீவு இல்லையென்றால் பக்கத்திலாவது போய்விட்டு வா. பாஸ் உன் கையில் இருக்கும்போது வயலும் மாடும் ஆயிரம் சொல்லும், வீட்டிலிருக்கிற கிழவி அதற்கு மேலும் சொல்லுவாள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தப் புத்தி மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஐம்பது வயசுக்குமேல் அது எங்கே மாறப்போகிறது? வண்டியில் நீ அவளுக்கு ஏதாவது உரித்துக் கொடுப்பாய், அவள் ஜன்னல் வழியாக எதையாவது காட்டி உன் காதில் பேசுவாள், அப்போது என் முகம் ஒரு மாதிரி போகும். நீ கவனித்துவிடுவாய். கவனித்து, கையிலிருப்பதை அவசரமாக என் பக்கம் நீட்டாதே. அவளிடமே கொடு. என் முகம் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சரியாகாவிட்டாலும் நான் பாதியில் இறங்கிவிட மாட்டேன்.

அம்மா